கழுத்தில் மட்டும் கண்

எங்கள் வீட்டு ரூம் ஹீட்டர் இந்தத் தை மாதம் முழுவதும் மனிதர்களுக்காக எரியவில்லை என்று மாமா தபால்காரர் வரைக்கும் முறையிட்டு முடித்துவிட்டார். உறைபனியில் கருகிப்போன டேலியாச் செடிகளின் கிழங்குகளைத் தோண்டி எடுத்து, தண்டை ஒட்டிய கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி தென்னைநார்த் தூளில் பதித்து, ஹீட்டர் இருந்த அறையில் வைத்தேன். ஊட்டிக் குளிரில் அவை தாமாக விழித்துக்கொள்வதற்குள் மே மாத மலர்க்காட்சியே முடிந்துவிடும்.

முளை மூன்று அங்குலம் வளர்ந்ததும், கழுத்துச் சதை சிறிது ஒட்டிவரும்படி கூரிய கத்தியால் சீவி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, வேர் ஊக்கிப் பொடியில் தொட்டு, மணல் கலந்த தூளில் செருகினால் இரண்டு மூன்று வாரங்களில் வேர் பிடித்துவிடும். சீவிய கிழங்கு மறுபடியும் முளை விடும் என்பதால் ஒரே கிழங்கிலிருந்து ஒரு வரிசைச் செடிகளை எடுக்கலாம். விதையிலிருந்து வருவது எந்த நிறத்தில் பூக்கும் என்று பிரம்மனுக்கும் தெரியாது; முளையிலிருந்து வருவதோ அச்சு அசலாகத் தாயேதான்.

இதையெல்லாம் மாமா ஏற்பாரா? கேத்தியில் உருளைக்கிழங்கு போட்டு, மேட்டுப்பாளையம் மண்டியில் விலை பேசியே தலை நரைத்தவர் அவர். "கிழங்கு என்றால் நாலாக வெட்டி நட வேண்டியதுதானே, அதற்கு எதற்கம்மா பிரசவம் பார்க்கிறாய்?" என்று கேட்டவர், நான் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் இருப்பதிலேயே பருத்த கிழங்குகளை எடுத்து வெட்டி, சாம்பல் தடவி, முட்டைகோசுப் பாத்தியின் ஓரத்தில் நட்டுவிட்டார். உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண், அதாவது முளை கிளம்பும் இடம். டேலியாவுக்கோ பழைய தண்டும் கிழங்கும் சேரும் கழுத்தில் மட்டும்தான் கண். கழுத்தில்லாத துண்டை எத்தனை சாணம் போட்டுச் சீராட்டினாலும் அது குருட்டுக் கிழங்குதான்.

அதன் பிறகு அவர் விடியற்காலையில் டார்ச் விளக்குடன் பாத்திக்குப் போவதும், திரும்பி வந்து உரக்கடைக்காரர் முதல் மத்திய அரசு வரை எல்லோரையும் திட்டுவதுமாக இருந்தார். இன்று பொறுமை இழந்து ஒரு துண்டைத் தோண்டிப் பார்த்தால், அது அழுகவும் இல்லை, வற்றவும் இல்லை; வெள்ளை வெளேரென்று புது வேர்கள் விட்டுக் கொழுகொழுவென்று இருக்கிறது, முளையை மட்டும் காணோம். "உட்கார்ந்து சாப்பிடுகிறது, வேலைக்குப் போக மாட்டேன் என்கிறது, நம் மூத்தவனைப் போல" என்றார் அத்தை. அந்த மூத்தவரைத்தான் நான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதால் கருத்து எதுவும் சொல்லவில்லை.

மாமா தோல்வியை ஒப்புக்கொள்வார் என்று நான் காத்திருந்தது வீண். உறைமோர் கேட்டு வந்த எதிர்வீட்டு டீச்சரை வாசலிலேயே நிறுத்தி, "டேலியாவை உருளைக்கிழங்கு மாதிரி வெட்டவே கூடாதம்மா, கழுத்தில்தான் கண் இருக்கும், இதெல்லாம் அனுபவத்தில் வருவது" என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினார். போதாக்குறைக்கு, மலர்க்காட்சிக்கென்று நான் பொத்திப் பொத்தி வளர்த்த, வேர் பிடித்த கருஞ்சிவப்பு நாற்றையும் தொட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டார். அதன் தாய்க்கிழங்கில் அடுத்த முளை தலைகாட்டும் வரை மாமாவோடு உருளைக்கிழங்கு விலையைப் பற்றி மட்டுமே பேசுவதாக இருக்கிறேன்.