தள்ளிய பாதியில் இருந்தால்?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்புகளில் மண் மாதிரி எடுப்பதுதான் என் பிழைப்பு. தோப்பு முழுக்க வளைந்து வளைந்து நடந்து, அங்கங்கே 'வி' வடிவத்தில் குழி வெட்டி, அதன் ஓரத்து மண்ணைச் சீவியெடுப்போம். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக்கிலோவாக்குவோம். "எல்லாம் ஒரே மண்ணுதானுங்க தம்பி, அந்த மூலையில ஒரு கை அள்ளிக்குங்க" என்பார் தோப்புக்காரர். பொட்டாஷ் பார்க்க அது ஒன்றும் பெரிய பாவமில்லை.

ராணுவப் பயிற்சித் தளங்களில் மண்ணைச் சோதிக்கும் முறையைப் படித்தபோது இந்த 'ஒரு கை' தான் நினைவில் ஓடியது. குண்டு ஒழுங்காக வெடித்தால் உள்ளிருக்கும் டிஎன்டி, ஆர்டிஎக்ஸ் போன்ற வெடிமருந்துகள் அனேகமாக முழுதும் தீர்ந்துவிடும். வில்லங்கம் அரைகுறையாக வெடிப்பதில்தான். கடலைப்பருப்பு அளவுக் கட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள் வரை சிதறிக் கிடக்கும். ஓரெட்டு தள்ளி எடுத்த இரண்டு மாதிரிகளில் அளவு நூறு மடங்குகூட மாறலாம்.

அதனால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2006-ல் கொண்டுவந்த '8330பி' முறையில் ஒரு பரப்பில் 30 இடங்களுக்குக் குறையாமல் மண் எடுக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மாவாக அரைத்துப் பரப்பி, அதிலும் 30 இடங்களில் கிள்ளி 10 கிராம் சேர்க்க வேண்டும். அரைப்பதற்கு முன் நம்மைப் போல் நாலாகப் பிரிக்கும் பேச்சே கிடையாது. சரிதானே, தள்ளிய பாதியில்தான் அந்தத் துகள் இருந்தால்?

அப்புறம் மழை. டிஎன்டியை மண்ணுயிரிகள் வேறு அமினோச் சேர்மங்களாக மாற்றிவிடும். அவை மட்கோடு ஒட்டிக்கொள்ளும். எச்எம்எக்ஸ் என்ற இன்னொரு வெடிமருந்து தண்ணீரில் கரையவே யோசிக்கும், டாங்கி எதிர்ப்பு ராக்கெட் தளங்களில் மேல்மண்ணிலேயே கிடக்கும். ஆர்டிஎக்ஸ் மட்டும் மெதுவாகக் கரைந்தாலும் மண்ணில் அவ்வளவாக ஒட்டாது, நேரே கீழே இறங்கிவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 'கேப் காட்' (Cape Cod) என்ற பகுதியில் நிலத்தடி நீர்தான் குடிநீர், மண்ணோ மணல். அங்கே கேம்ப் எட்வர்ட்ஸ் தளத்தில் குண்டுப் பயிற்சியை 1997-ல் நிறுத்த வேண்டிவந்தது.

குடிநீரில் ஆர்டிஎக்ஸுக்கு அங்கே சொல்லும் ஆலோசனை வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதிரிக்குள் அகப்படாமல் போன ஒரு கிராம் கட்டி கரைந்து இறங்கினால், 5 லட்சம் லிட்டர் தண்ணீர் அந்த வரம்பைத் தொட்டுவிடும்.