ஒரே புதன்கிழமைக்கு இரண்டு தேதிகள்

"மேடம், இவள் தேதியைத் தப்பாகப் போட்டிருக்கிறாள். நீங்களே சொல்லுங்கள்."

மூன்றாம் ஆண்டு வரலாறு படிக்கும் இருவர். ஒரே புராஜெக்ட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து எழுதியிருந்தார்கள். சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் சரணடைந்த நாள் அவனுடைய அத்தியாயத்தில் 1746 செப்டம்பர் 10. அவளுடையதில் செப்டம்பர் 21. கடலூரில் வரலாறு சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இந்தத் தலைப்பு பழகிய ஒன்று. சென்னை கைவிட்டுப் போனதும் ஆங்கிலேயக் கம்பெனி தன் தலைமையிடத்தை எங்கள் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டைக்குத்தான் மாற்றிக்கொண்டது. 1752 வரை இங்கிருந்தே நிர்வாகம் நடந்தது. ஊர்ப் பாசத்தில் ஆண்டுதோறும் யாராவது இதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

எங்கே எடுத்தாய் என்று அவனைக் கேட்டேன். "கூகுளில், மேடம்." அவளைக் கேட்டேன். "நெட்டில்." கல்யாணம் எந்த ஊரில் என்று கேட்டால் டவுன் பஸ்ஸில் போனேன் என்று சொல்வதுபோல. யார் சரி என்று நான் சொல்லவில்லை. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். சொல்லியிருந்தால் இரண்டு நிமிட வேலைதான். ஆனால் அப்புறம் அடிக்குறிப்பில் என் பெயரைப் போட்டுவிடுவார்கள். அதுவும் ஒருமுறை நடந்திருக்கிறது.

மறுநாள் இருவரும் வெற்றிமுகத்தோடு வந்தார்கள். அவன் கையில் ஆங்கிலேயக் கம்பெனியின் ஆவணங்களை அடியொற்றி எழுதப்பட்ட ஒரு நூலின் ஜெராக்ஸ். அவள் கையில், அந்நாளில் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கம் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டதே, அதில் ஒரு தொகுதி. இரண்டுமே நம்பத்தக்க நூல்கள். இரண்டு தேதிகளும் சரி.

போனில் 1746 செப்டம்பர் 21 என்ன கிழமை என்று பார்க்கச் சொன்னேன். புதன். செப்டம்பர் 10? சனி என்று வந்தது. "அப்படியானால் என்னுடையதுதான் சரி" என்று அவள் எழுந்தே விட்டாள். போன் காட்டுவது இன்று நாம் எல்லோரும் பின்பற்றும் கிரிகோரியன் நாட்காட்டி. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 1582லேயே மாறிவிட்டார்கள். இங்கிலாந்து மாறியது 1752இல்தான். அந்த ஆண்டு செப்டம்பர் 2 புதன்கிழமையை அடுத்து வந்த வியாழக்கிழமை செப்டம்பர் 14. நடுவில் பதினொரு தேதிகள் விழுங்கப்பட்டன. கிழமை மட்டும் அறுபடாமல் ஓடியது. அதற்கு முன்புவரை சுமார் 150 கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே கடற்கரையில் இருந்த சென்னைக்கும் புதுச்சேரிக்கும் தேதியில் பதினொரு நாள் வித்தியாசம். கோட்டையின் சாவியைக் கொடுத்தவர்களுக்கு அது 10ஆம் தேதி புதன். வாங்கியவர்களுக்கு 21ஆம் தேதி புதன்.

பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு தன் அத்தியாயத்தின் இன்னொரு பக்கத்தைத் தயங்கித் தயங்கி நீட்டினான். மூலத்தில் "ஜனவரி 1745/6" என்று இருந்ததை அச்சுப்பிழை என்று நினைத்து 1745 என்று திருத்தியிருக்கிறான். அந்நாளைய இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஜனவரி அவர்கள் கணக்கில் பழைய ஆண்டு, நம் கணக்கில் புது ஆண்டு. அதைத்தான் அந்தச் சாய்கோடு சொல்கிறது. அவனுடைய திருத்தம் ஒரு முழு ஆண்டைத் தின்றுவிட்டது. மூலத்தில் விசித்திரமாக ஏதாவது தெரிந்தால் கை வைக்காதே, அப்படியே எழுதிவிட்டு என்னிடம் வந்து கேள் என்றேன்.

அவளுக்கும் ஒரு பாடம் காத்திருந்தது. நான் தேதியைவிடப் பெரிதாக நினைப்பது இதைத்தான். "பிள்ளை இவ்வாறு எழுதுகிறார்" என்று போட்டு, மேற்கோள் குறிக்குள் ஐந்து வரி அழகான தமிழ். அழகாக இருந்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. பிள்ளையின் தமிழ் அன்றைய பேச்சுமொழி. பிறமொழிச் சொற்கள் தாராளமாகப் புழங்குவது. இதுவோ நேற்றைய நாளிதழ்த் தலையங்கம்போல இருந்தது. கேட்டால், ஆங்கிலத் தொகுதியைப் படித்து அவளே தமிழாக்கியிருக்கிறாள். அதாவது தமிழில் எழுதிய மனிதரை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், மறுபடி தமிழுக்கு இழுத்து வந்து, அவர் எழுதாத சொற்களை அவர் வாயில் வைத்தாயிற்று. பொய் சொல்லும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. ஆனாலும் மேற்கோள் குறி என்பது ஒரு சத்தியம். நாட்குறிப்பின் தமிழ் மூலம் அச்சில் கிடைக்கிறது. அதைப் பார்த்து எழுது. கைக்கு எட்டவில்லையா? குறியை எடுத்துவிட்டுச் செய்தியை உன் நடையில் சொல். அடிக்குறிப்பில் ஆங்கில மொழிபெயர்ப்பு, இன்ன தொகுதி, இன்ன பக்கம் என்று போடு. எதைக் கண்ணால் பார்த்தாயோ அதைத்தான் குறிப்பிட வேண்டும். ஆங்கிலத்தைப் பார்த்துவிட்டுத் தமிழ் மூலத்தைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

அதே அத்தியாயத்தில், பக்கத்தின் அடியில் பதிப்பாசிரியர் சிறிய எழுத்தில் கொடுத்திருந்த விளக்கம் ஒன்றும் பிள்ளையின் கூற்றாக ஏறியிருந்தது. பக்க எண் வேறு பி.டி.எஃப். காட்டிய எண். அச்சிட்ட தாளின் மூலையில் இருக்கும் எண்ணைப் போட வேண்டும் என்று எத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! முன்னட்டை, முகவுரை, பொருளடக்கம் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும் கணினிக்கு என்ன தெரியும்.

கடைசியில் இருவருமாக "செப்டம்பர் 10/21, 1746" என்று எழுதி, ஏன் இரண்டு தேதி என்று நாலு வரி அடிக்குறிப்பும் சேர்த்தார்கள். அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "தமிழ்த் தேதி போட்டால் இந்தக் குழப்பமே வராதே, மேடம்?" உண்மைதான். மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு நாளுக்கும் ஆங்கிலத் தேதியோடு தமிழ் மாதமும் வருஷமும் இருக்கின்றன. அட்சய வருஷம் புரட்டாசி மாதம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றேதான். மகிழ்ச்சியாக அதையும் சேர்த்துக்கொண்டாள்.

அன்று மாலையே இன்னொரு மாணவன் வேலூர்ப் புரட்சியைப் பற்றிய புராஜெக்ட்டோடு வந்தான். 1806 ஜூலை. அவர்கள் மேசையில் கிடந்த தாளை எட்டிப் பார்த்துவிட்டுத் தானும் தமிழ் வருஷம் போட வேண்டும் என்றான். போட்டுக்கொள் என்றேன். அறுபது ஆண்டுச் சக்கரத்தை விரல் விட்டு எண்ணிப் பார்த்தவன் நிமிர்ந்தான்.

"மேடம், எனக்கும் அட்சயதான் வருகிறது."