காது மடலில் ஆறாத புண்: தம்பியின் பயொப்சி அறிக்கைக்காக அலைந்த அனுபவம்

என் தம்பிக்குப் பிறவியிலேயே அல்பினிசம், அதாவது தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் நிறம் தரும் மெலனின் என்ற நிறமி இல்லாத அல்லது மிகக் குறைந்த நிலை. பார்வைக் குறைபாட்டுக்காகச் சிறு வயதிலிருந்தே கண் கிளினிக்குக்குப் போய் வருபவன் அவன். ஆனால், மெலனின் இல்லாத தோலில் வெயிலால் புற்றுநோய் வரக்கூடும் என்று இத்தனை வருடங்களில் ஒருவர்கூட எங்களுக்குச் சொன்னதில்லை. மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் வேலை செய்பவனுக்கு அதை யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

காது மடலின் மேல் விளிம்பில் சொரசொரப்பாக ஒரு பொருக்கு வந்தது. அது உதிரும், அடியில் இளஞ்சிவப்பாகத் தெரியும், தலை துவட்டினால் துவாயில் இரத்தப் பொட்டு படும், பிறகு மீண்டும் பொருக்குக் கட்டும். முதலில் காட்டிய இடத்தில் பங்கசு என்று பூசுமருந்து கொடுத்தார்கள். அடுத்த இடத்தில் வெண்புள்ளி நோய் என்று துண்டில் எழுதிவிட்டார்கள். வெண்புள்ளி இடையில் வந்து திட்டுத்திட்டாகப் பரவுவது, அல்பினிசம் பிறப்பிலேயே உள்ளது என்று நான் எடுத்துச் சொல்லியும் துண்டு மாறவில்லை. இப்படியே மாதங்கள் போயின. கடைசியில் பார்த்த தோல் வைத்திய நிபுணரோ கண்டவுடனேயே பயொப்சிக்கு, அதாவது புண்ணில் சிறு துண்டு வெட்டி ஆய்வுகூடத்தில் பார்க்கும் சோதனைக்கு, எழுதினார். அதுவும் சிரமமின்றி முடிந்தது.

அறிக்கை எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. நம்பர் எடுக்கும் வரிசை கிழக்குப் பார்த்த வெட்டவெளியில் இருந்தது. வெயிலே படக்கூடாது என்று கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டவன், அந்தக் கொப்பியையே முகத்துக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு காலை வெயிலில் நின்றான். உள்ளே போனால், "தங்கச்சி, ரிப்போட் இன்னும் வரல்ல, அடுத்த கிளினிக்குக்கு வாங்க" என்று எழுதுநர் தலை நிமிராமலே சொல்லுவார். மறுமுறையும் அதே பதில்தான். பயொப்சி எடுத்த அன்று ஆய்வுகூட இலக்கத்தை நான் குறித்து வைத்திருந்ததால், அதை எடுத்துக்கொண்டு நேரே ஆய்வுகூடத்துக்கே போனேன். அறிக்கை எப்போதோ தயாராகி, முதலெழுத்து மாறியதால் வேறொரு வாட்டுக்குப் போயிருந்தது. அதைக் கையில் வாங்கியபோது, பயத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

செதிள்கலப் புற்றுநோய், அதாவது தோலின் மேற்படைக் கலங்களில் தொடங்கும் புற்றுநோய், என்று அதில் இருந்தது. அல்பினிசம் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படும் தோல் புற்றுநோய் அதுதான் என்றும், காதில் வந்தால் கழுத்து நிணநீர்க் கணுக்களையும் சோதிக்க வேண்டும் என்றும் சத்திரசிகிச்சை நிபுணர் விளக்கினார். சுற்றியுள்ள நல்ல தோலிலும் சிறிது சேர்த்து வெட்டி எடுத்தார்கள். ஓரங்களில் நோய் இல்லை, கழுத்திலும் கட்டி இல்லை என்று அறிந்த பிறகுதான் அம்மா சரியாகச் சாப்பிட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், சில வாரங்களில் ஆறாத எந்தப் புண்ணுக்கும் களிம்பு மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டிராமல் தோல் கிளினிக்கைக் கேளுங்கள். ஆய்வுகூட இலக்கத்தையும் பெயரின் முதலெழுத்துகளையும் அங்கேயே சரிபார்த்து எழுதி வாங்குங்கள். எஸ்.பி.எஃப். (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை காதிலும் பிடரியிலும்கூடப் பூச வேண்டும். மப்பு நாளிலும் விடக்கூடாது. மருந்துக்கடையில் அதைக் கேட்டால் வெள்ளையாக்கும் கிறீமை நீட்டுவார்கள், வாங்க வேண்டாம். முன்பக்கம் மட்டும் மறைக்கும் தொப்பியும் போதாது, காதை மூடும் அகன்ற விளிம்பு வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். வெயிலில் நிறுத்தக்கூடாது என்று நிபுணரிடம் எழுதி வாங்கிக் கொப்பியின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். இப்போது அவனுக்கு உள்ளே வைத்தே நம்பர் கொடுக்கிறார்கள்.