பாத்ரூம் பூஞ்சை: செலவு ஹவுஸ் ஓனருக்கா, குடியிருப்பவருக்கா?

பாத்ரூம் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தால், "நீங்க சரியாக் கழுவுறதில்லை" என்பார் ஹவுஸ் ஓனர். "இது ஓதம் பிடிச்ச வீடு" என்பார் குடியிருப்பவர். வாக்குவாதத்துக்கு முன்னால், ஈரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். செலவு யாருடையது என்பது அதைப் பொறுத்ததுதான்.

டைல்ஸுக்கு மேலே பெயிண்ட் அடித்த இடத்தைத் துடைத்து உலரவிட்டு, ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துத் தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், சுவருக்குள் ஈரம் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது வெந்நீர் ஆவி.

உள்ளீரம் என்றால் அடுத்த கேள்வி, எங்கிருந்து? ஊருக்குப் போகும் இரண்டு மூன்று நாளில் இது தெரிந்துவிடும். யாரும் குளிக்காமலே ஈரம் குறையவில்லையா? சுவருக்குள் ஓடும் பைப் கசியலாம், அல்லது மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து இறங்கலாம். காய்ந்து வந்தால் டைல்ஸ் இடுக்கையும் தரை வடிகாலைச் சுற்றியுள்ள பூச்சையும் சந்தேகப்படுங்கள்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை இதைப் பிரித்தே சொல்கிறது. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, பைப் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. தண்ணீர் திறந்து மூடும் குழாய், அதன் வாஷர், வாஷ்பேசின், கீசர் பழுதும் வடிகால் அடைப்பும் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் கணக்கு மாறும். அதனால் கையெழுத்துக்கு முன் 'பெயிண்டிங்', 'பராமரிப்பு' என்று வரும் வரிகளை நிதானமாகப் படியுங்கள். மேல்வீட்டுக் கசிவென்றால் அந்த வீட்டு உரிமையாளரிடமும் அசோசியேஷனிடமும் பேச வேண்டியவர் உங்கள் ஓனர். நீங்கள் செய்ய வேண்டியது, பார்த்த உடனே தேதியோடு படம் எடுத்து எழுத்தில் தெரிவிப்பது. வாயால் சொன்னது அட்வான்ஸ் திரும்பக் கேட்கும் நாளில் நிற்காது.

ஆவிதான் காரணம் என்றால் வேலை குடியிருப்பவருடையது. குளித்த பிறகு இருபது நிமிடமாவது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். கதவுக்கடியில் ஒரு விரல் இடைவெளி வேண்டும். காற்று உள்ளே வர வழியில்லாமல் ஃபேன் சுற்றினால் ஆவி வெளியேறாது. ஃபேன் வைக்கத் துவாரமே இல்லாத பாத்ரூம் என்றால் அது கட்டடக் குறை, குடியிருப்பவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

படிந்ததை எடுக்க நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டம்ளர் பிளீச் போதும். கையுறை போட்டு, கதவைத் திறந்துவைத்துத் தேயுங்கள். பிளீச்சோடு டாய்லெட் ஆசிட் சேரவே கூடாது: குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆபத்து.

பளிச்சென்று ஆக வேண்டும் என்று தரையில் ஆசிட் ஊற்றுகிறார்களே, அதை நிறுத்துங்கள். டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமெண்டை ஆசிட் அரித்துவிடும். அந்த வழியாக நீர் இறங்கி, கீழ்வீட்டுச் சீலிங்கில் ஓதமாக வெளிப்படும். அப்போது ஓனர் உங்களைக் கேட்பதில் தவறில்லை.

ஓனர்களுக்கும் ஒன்று: ஈரச் சுவர்மேல் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு. கசிவை அடைத்து, உப்பு பூத்த பூச்சைச் சுரண்டி எடுத்து, பாலிதீன் சோதனையில் உட்பக்கம் காய்ந்திருப்பது தெரிந்த பிறகே பெயிண்டரைக் கூப்பிடுங்கள்.