ஷெர்லி பாப்பி: ஊட்டி வீட்டுப் பாத்தியின் நாட்குறிப்பு

பிப்ரவரி 8

நீலகிரி மண்ணில் புளிப்பு அதிகம். மூன்று வாரம் முன்பே சதுர மீட்டருக்கு 150 கிராம் டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் பொடி) போட்டுக் கொத்தியாயிற்று. தொழுஉரம் போடவில்லை; தழைச்சத்து கூடினால் இலை மண்டித் தண்டு சாய்ந்துவிடும்.

பூச்செடியான ஷெர்லி பாப்பியின் விதை கசகசாவை விடப் பொடி. சதுர மீட்டருக்கு இரண்டு சிட்டிகை தாராளம். ஒரு கொட்டாங்கச்சி காய்ந்த மணலில் கலந்து தூவினால் எங்கே விழுந்தது என்று தெரியும். மேலே மண் மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். பலகையால் லேசாக அழுத்தினால் போதும். பூவாளித் தண்ணீர் விதையை ஓரத்துக்கு அடித்துவிடும், கைத்தெளிப்பான்தான் சரி.

சமையலறைக் கசகசாவை மட்டும் விதைத்துவிடாதீர்கள். அது அபினிச் செடி. உரிமமின்றி வளர்ப்பது 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி குற்றம். ஷெர்லியின் இலையில் சுணை இருக்கும்; அபினிச் செடியின் இலை வழவழவென்று, சாம்பல் பூத்த பச்சையில் தண்டைத் தழுவி நிற்கும்.

பிப்ரவரி 21

13-ஆம் நாள் முளைப்பு. கிழக்கு ஓரத்தில் சில முளைகள் அடியில் கறுத்துச் சாய்ந்துகிடக்கின்றன: நாற்றழுகல். மாலையில் தெளித்த ஈரம் இரவுக் குளிரில் காயவில்லை. இனிக் காலையில் மட்டுமே தண்ணீர்.

மார்ச் 9

பயிர் கலைத்தல். இப்போது 8 செ.மீ. இடைவெளி, இரண்டு வாரம் கழித்து 20. பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும். கத்தரிக்கோலால் தரையோடு நறுக்க வேண்டும். மனசு கேட்காமல் வேறு இடத்தில் நட்டால் ஆணிவேர் அறுந்து வாடும். நெருக்கமாக விட்டாலோ ஒரு சாண் உயரத்தில் ஒற்றைப் பூவோடு முடிந்துபோகும்.

ஏப்ரல் 4

மொட்டுக் காம்பில் சாறு உறிஞ்சும் கறுப்பு அசுவினிப் பூச்சிகள். தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்தாயிற்று.

ஏப்ரல் 27

தலை குனிந்திருந்த மொட்டு நேற்று மாலை நிமிர்ந்தது. இன்று விடியலில் மொட்டை மூடியிருந்த, சுணையுள்ள இரண்டு புல்லிகளும் கழன்று விழ, நான்கு இதழ்களும் கசங்கலோடு வெளியே வந்தன. வெயில் ஏறியதும் சுருக்கம் நீங்கியது. வெளிர் சிவப்பு, விளிம்பில் வெள்ளை. 1880 வாக்கில் இங்கிலாந்தின் ஷெர்லி ஊர்ப் பாதிரியார் வில்லியம் வில்க்ஸ் காட்டுப் பாப்பிகளுக்கு நடுவே ஒரே ஒரு பூவில் கண்ட விளிம்பு இது. அதன் விதையிலிருந்து ஆண்டுதோறும் தெரிந்தெடுத்தே இந்த வகையை உருவாக்கினார்.

பூ ஓரிரு நாளில் உதிரும். காய் பிடிக்குமுன் கிள்ளிவிட்டால் செடி இன்னும் பூக்கும். விளிம்பு அழகாக வந்த ஐந்து பூக்களுக்கு மட்டும் நூல் கட்டி, விதைக்கு விட்டிருக்கிறது.

மே 29

தென்மேற்குப் பருவமழை பிடித்தால் காயில் பூசணம் வந்துவிடும். மூடிக்குக் கீழே துளைகள் திறந்து, ஆட்டினால் சலசலக்கும் காய்களைக் காம்போடு வெட்டி, காகித உறையில் தலைகீழாகப் போட்டாயிற்று.