பதினெட்டடி போட்டுக்கு உயிர் இரைத் தாங்கி

பாரை போன்ற பெரிய மீனுக்குத் தூண்டிலில் போடும் இரை மீனைப் போட்டில் உயிரோடு வைத்திருப்பதுதான் இந்தத் தாங்கி. அதில் சூடை (மத்தி வகைச் சிறு மீன்) செத்து மிதந்தால், வேறு எதையும் குறை சொல்லமுன் ஒன்றைக் கையில் எடுத்து அதன் மூக்கைப் பாருங்கள். நுனி சிவந்து தோல் உரிந்திருந்தால் அது மூலையில் போய் முட்டி முட்டிச் செத்த மீன். மூக்கு நன்றாக இருந்து பக்கவாட்டில் செதில் கொட்டியிருந்தால் பிடித்த விதத்தில் பிழை: கரைவலையில் நசுங்கியது, அல்லது காய்ந்த கையால் தூண்டில் கழற்றியது. இரண்டும் இல்லாமல், உயிரோடு இருப்பவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் தண்ணீரில் ஒட்சிசன் போதவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பெரிய தாங்கி வாங்கினால் மூன்றும் தீரும் என்று நினைத்துக் காசைக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் வடிவம். வட்டம், அல்லது முனை மழுங்கிய நீள்வட்டம். சதுரப் பெட்டி வேண்டவே வேண்டாம், பழைய ஐஸ் பெட்டி சும்மா கிடக்கிறது என்பதற்காகவும் வேண்டாம். சூடையும் கும்பளாவும் (கானாங்கெளுத்தி வகை) நிற்காமல் நீந்தும் மீன்கள். வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், மூலை கிடைத்தால் அதற்குள் கூட்டமாக நெருங்கி ஒன்றையொன்று தேய்த்துவிடும். உள்நிறம் வெளிர் நீலம் நல்லது. சுவர் எங்கே இருக்கிறது என்று மீனுக்குத் தெரியும், தூய வெள்ளையைப் போல வெயிலில் கண்ணைக் கூசவும் வைக்காது.

நீல நிற 200 லீற்றர் பிளாஸ்டிக் பரல் இந்த வேலைக்குத் தோதானது. உள்விட்டம் ஏறக்குறைய 57 சென்ரிமீற்றர். அடியிலிருந்து 45 சென்ரிமீற்றரில் அறுத்து, நீர் வெளியேறும் துளையை 35 சென்ரிமீற்றரில் வைத்தால் 88 லீற்றர் அளவில் தண்ணீர் நிற்கும். அறுத்த விளிம்பு கையைக் கிழிக்கும், மீனையும் கிழிக்கும். பழைய ஹோஸ் துண்டை நீளவாக்கில் பிளந்து விளிம்பில் மாட்டிவிடுங்கள். வினாகிரி, எண்ணெய் போன்ற உணவுப் பொருள் வந்த பரலாக இருக்கட்டும். கிருமிநாசினியோ அமிலமோ வந்த பரலை எத்தனை தரம் கழுவினாலும் நம்ப வேண்டாம். பைபரில் (கண்ணாடியிழையில்) புதிதாகச் செய்வித்தால் பிசின் மணம் முழுதாகப் போகும்வரை சில நாட்கள் கடல்நீர் நிரப்பி ஊற்றி எடுக்க வேண்டும்.

88 லீற்றர் கடல்நீர் என்றால் 90 கிலோ. எஞ்சின், பெற்றோல் கான், ஓட்டுபவர் எல்லாம் ஏற்கெனவே பின்பக்கத்தில் இருக்கின்றன. தாங்கியையும் அங்கே வைத்தால் அணியம் (போட்டின் முன்பக்கம்) தூக்கிக்கொள்ளும், பின்பக்கத்தால் அலை ஏறும். நடுப்பலகைக்கு ஒட்டினாற்போல, நடுக்கோட்டின் மேல் வையுங்கள். அங்கேதான் ஆட்டமும் குறைவு. அடியில் ஒரு வளையச் சட்டம் அடித்து, மேலே இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டாமல் விட்டால் ஒரு குறுக்கலை போதும், 90 கிலோவும் ஒரே பக்கம் போய்விடும். மூடியும் அவசியம். கை நுழைய 20 சென்ரிமீற்றர் துளை போதும்.

எத்தனை மீன் விடலாம்? ஒரு சாண் வராத சூடைக்கு 4 லீற்றருக்கு ஒன்று என்ற கணக்குப் பாதுகாப்பானது. 88 லீற்றரில் 20, மிஞ்சினால் 22. கும்பளா என்றால் எட்டோ பத்தோ. கூடுதலாகப் போடுவதில் இலாபம் இல்லை. 40 போட்டால் 20 மிஞ்சுவதில்லை, நாற்பதும் சோர்ந்து கிடக்கும். சோர்ந்த இரையைப் பாரை திரும்பியும் பார்க்காது. பாரைக்குஞ்சும் பால்மீன் குஞ்சும் சூடையைவிடத் தாங்கும். கிடைத்தால் விடாதீர்கள். (திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுப் பக்கம் இரைக்காகக்கூட வலை வீச வேண்டாம். 2003 முதல் அது தேசியப் பூங்கா.)

இனி உண்மையான விஷயம், தண்ணீர். நமது திருகோணமலைக் கடல்நீர் 28, 30 பாகை செல்சியஸில் நிற்கிறது. 30 பாகைக் கடல்நீர் லீற்றருக்கு 6 மில்லிகிராம் சொச்சம் ஒட்சிசன்தான் பிடிக்கும். சூடு ஏற ஏற நீர் பிடிப்பது குறையும், மீன் கேட்பது கூடும். அதனால் ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு தரம் தாங்கி நீர் முழுவதும் மாற வேண்டும். 500 ஜீ.பி.எச். (மணிக்கு 500 கலன்) என்று அச்சடித்த 12 வோல்ட் பம்ப், கணக்குப்படி மணிக்கு 1,890 லீற்றர் தர வேண்டும். அது மேலேற்றமே இல்லாத அளவு. ஒரு மீற்றர் உயரம், மூன்று மீற்றர் ஹோஸ், இரண்டு முழங்கை (குழாயை வளைக்கும் இணைப்பு) போட்டதும் 1,200 கிடைத்தால் சந்தோஷம். அப்படியும் நாலரை நிமிடத்துக்கு ஒரு தரம் நீர் மாறும், போதும். 1,100 ஜீ.பி.எச். வாங்கிப் போட்டால் நீரோட்டத்தை எதிர்த்தே மீன் களைத்துவிடும், பற்றரியும் இறங்கிவிடும். ஓட்டம் அதிகம் என்றால் பம்புக்குப் பிறகு, ஹோஸில் ஒரு வால்வு வைத்துக் குறையுங்கள். உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் நெரிக்கக் கூடாது.

இணையத்தில் காணும் படங்களில் எல்லாம் பம்ப் போட்டின் அடியில் துளை போட்டுப் பொருத்தியிருக்கும். கொட்பே துறைமுகத்தில் கட்டி நிறுத்தும் போட்டுக்கு அது சரி. உப்புவெளி, சல்லி, நிலாவெளி போல மணலில் இழுத்து ஏற்றும் போட்டுக்குச் சரிவராது. முதல் வாரத்திலேயே மணல் அடைக்கும், இரண்டாம் வாரம் உடையும். நமக்கு வேண்டியது தூக்கி வைக்கக்கூடிய குழாய். ஒன்றேகால் அங்குலப் பீ.வீ.சீ. குழாயைப் பின்பலகையில், எஞ்சினிலிருந்து இரண்டடியாவது தள்ளி, கீல் வைத்த சட்டத்தில் பொருத்துங்கள். நுனி நீருக்குள் ஒரு சாண் இருக்கட்டும். நுனியில் ஒரு முழங்கையை முன்னோக்கித் திருப்பி, வாயைச் சரிவாக அறுத்து, கரடுமுரடான வலைத் துண்டு கட்டுங்கள். போட் ஓடும்போது இந்த வாய் தானாகவே நீரை அள்ளும். 8 நொட் வேகத்தில் 85 சென்ரிமீற்றர் உயரத்துக்கும் 10 நொட்டில் 1.3 மீற்றர் உயரத்துக்கும் நீர் ஏறும், கணக்குப்படி. குழாய் உரசல் கொஞ்சம் தின்றுவிடும், ஆனாலும் தாங்கி விளிம்பைத் தாண்டும். நின்று தூண்டில் போடும்போதுதான் பம்ப் வேலை செய்யும். பம்பை அதே குழாயின் கீழ்ப்பாகத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே மாட்டுங்கள். இந்த வகைப் பம்ப் காற்றை இழுத்து நீரை மேலேற்றாது. மேலே வைத்தால் உறுமும், நீர் வராது. குழாயை நிமிர்த்திப் பிடிப்பது இரண்டு சுற்று மெல்லிய தங்கூசி (நைலோன் தூண்டில் நரம்பு) மட்டுமாக இருக்கட்டும். கட்டையிலோ கடலடிப் பாரிலோ மோதினால் தங்கூசி அறுந்து குழாய் மடங்கும், பின்பலகை பிழைக்கும்.

நீர் உள்ளே வரும் வாயைத் தாங்கியின் அடிக்கு அருகே, சுவரோடு சாய்த்து விடுங்கள். மெதுவான சுழல் வரும், மீன் அதை எதிர்த்து அமைதியாக நீந்தும். ஆனால் வாய் அடியில் இருந்தால் பம்பை நிறுத்தியதும் வந்த வழியே தண்ணீர் கடலுக்குத் திரும்பிவிடும். ஹோஸை விளிம்புக்கு மேலே ஒரு வளைவாக ஏற்றி, வளைவின் உச்சியில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டால் அது நிற்கும். அந்தத் துளையிலிருந்து சிறிது நீர் பீச்சும், தாங்கியைப் பார்த்துத் திருப்பி வையுங்கள்.

வெளியேறும் வழி உள்ளே வரும் வழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். உள்ளே முக்கால் அங்குலம், வெளியே ஒன்றரை அங்குலம். 35 சென்ரிமீற்றர் துளையில் டாங்க் கனெக்டர் பூட்டி, உட்பக்கம் ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) மாட்டி, மேலும் கீழும் பத்துச் சென்ரிமீற்றர் குழாய் செருகி, முனைகளை மூடுங்கள். ஒவ்வொரு குழாயிலும் 4 மில்லிமீற்றர் அகலத்தில் வெட்டுகள், சுற்றிலும் பதினாறு. கீழ்வெட்டில் செதில் ஒட்டினாலும் மேல்வெட்டு ஓடும். ஒற்றைத் துளையில் வலைத்துண்டு கட்டுவது பலர் செய்யும் பிழை. மூன்று செதில் போதும் அதை அடைக்க. அடைத்தால் நிமிடத்துக்கு 20 லீற்றர் போட்டுக்குள் வழியும், பத்து நிமிடத்தில் 200 கிலோ. தூண்டிலில் மீன் இழுக்கும்போது அதை யார் கவனிக்கப் போகிறார்கள்? வெளிக்குழாயைப் போட்டின் பக்கவாட்டில், ஆட்கள் ஏறிய பிறகு உள்ள நீர்மட்டத்துக்கு நாலு விரல் மேலே விடுங்கள். பைபரில் போட்ட துளையின் உள்விளிம்பைப் பிசின் பூசி மூடாவிட்டால் உள்ளே இருக்கும் பலகை ஊறிவிடும்.

மின்சாரத்தில் கருமித்தனம் கூடாது. 500 ஜீ.பி.எச். பம்ப் இரண்டரை அம்பியர் அளவில் இழுக்கும், எட்டு மணித்தியாலத்துக்கு 20 அம்பியர்-மணி. பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் 45 அம்பியர்-மணிக்குக் குறையாமல் வையுங்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் எஞ்சின் எல்லாவற்றிலும் சார்ஜ் வராது. 50 வாட் சோலார் தகடு கண்ட்ரோலரோடு போட்டால் நடுப்பகலில் பம்ப் இழுப்பதை அதுவே தந்துவிடும். வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், பற்றரிக்குப் பக்கத்திலேயே 5 அம்பியர் பியூஸ். பம்ப் பழுது என்று தூக்கி எறிவதில் பெரும்பாலானவை உண்மையில் வயர் மூட்டுப் பழுது. முறுக்கி டேப் சுற்றிய மூட்டை உரித்துப் பாருங்கள், செம்பு பச்சையாகி மாவாக உதிரும். ஈயம் பற்றவைத்து, பசை உள்ள சுருங்குறை (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) போட்டு, மூட்டை உயரத்தில் கட்டுங்கள்.

கார்த்திகையிலிருந்து தை வரை இன்னொரு தொல்லை. மகாவலி கொட்டியாரக்குடாவில் கலக்கும் காலத்தில் மேலே செம்மண் நிறத்தில் நன்னீர்ப் படை கிடக்கும், உப்புநீர் அதற்குக் கீழே. ஒரு சாண் ஆழத்தில் உறிஞ்சினால் நன்னீரைத்தான் தாங்கிக்குள் விடுகிறீர்கள், சூடை தாங்காது. நிறம் மாறும் கோட்டைக் கடக்கமுன் குழாயைத் தூக்கி, உள்நீரையே சுற்றவிடும் ஒரு சின்னப் பம்பை ஓடவிடுங்கள். நீரை மேலிருந்து தூவ வேண்டும், காற்று கலப்பது அப்போதுதான். அந்த நேரத்தில் சூடு ஏறினால் போத்தலில் உறைந்த ஐஸை மூடியோடு போடுங்கள். ஒரு கிலோ ஐஸ் 88 லீற்றரை ஒரு பாகை அளவில் இறக்கும். இரண்டு பாகைக்கு மேல் இறக்க வேண்டாம். இறங்குதுறைக்குள், எண்ணெய் மிதக்கும் இடத்தில் தாங்கி நிரப்புவதும் இதே கதைதான்.

கரையிலிருந்து வெறும் தாங்கியோடு புறப்படுங்கள், இரை பிடிக்கும் இடத்தில் நிரப்புங்கள். திரும்பும்போது அலைக்குள் நுழையமுன் வாளியால் அள்ளி ஊற்றிவிட்டு, குழாயை மடக்கிக் கட்டுங்கள். கரையேறியதும் பம்புக்குள் ஒரு போத்தல் நல்ல தண்ணீர் ஊற்றி ஐந்து வினாடி ஓடவிடுங்கள், அதற்குமேல் வெறுமனே ஓடவிட்டால் சீல் கருகும்.