இருபத்தைந்து பேர் ஆடிய இறுதிப்போட்டி

இலங்கையின் வன்னியில் எந்த ஊரின் பழைய உதைபந்தாட்டக் கதையைக் கேட்டாலும், கழகம் கிண்ணம் தூக்கிய அந்த ஒரு இறுதிப்போட்டியில் எங்கட பக்கம் குறைந்தது இருபத்தைந்து பேராவது ஆடியிருப்பார்கள். வருடம் போகப்போகக் கோலும் கூடும். ஊரில் ஒன்றுக்குப் பூச்சியமாக இருப்பது பாரிசில் இரண்டாகும், ரொறன்ரோவில் மூன்றாகும். சந்திக் கடையிலும் வட்ஸ்அப் குழுவிலும் இதனால் ஒருவருக்கும் நட்டமில்லை. கழகத்துக்கு ஐம்பதாம் ஆண்டு வருகிறது, மலர் போடுவோம் என்று நிர்வாகம் கூடும்போதுதான் சிக்கல். கூட்டறிக்கைப் புத்தகம், கிண்ணங்கள், சுவரில் தொங்கிய படங்கள் எல்லாம் 2009 போரோடு போய்விட்டன. மிஞ்சியிருப்பது ஆட்களின் ஞாபகம். அதை வைத்தே ஒழுங்கான வரலாறு எழுதலாம், ஆனால் கேட்கிற முறையில் கேட்க வேண்டும்.

“அந்தக் காலத்தில் யார் யார் ஆடினது?” என்று கேட்டால் பெயர்கள் மழையாகக் கொட்டும், ஒன்றும் உதவாது. ஒரே ஒரு போட்டியை எடுங்கள். கொப்பியில் பதினொரு கோடு கீறி, பெயரைக் கேட்காமல் இடத்தைக் கேளுங்கள். கோலி யார், ரைட் பக் யார், சென்ரர் ஹாப் யார், லெப்ட் விங்கில் ஓடியது யார். பழையவர்கள் மனதில் அணி இன்னும் இரண்டு பக், மூன்று ஹாப், ஐந்து போவேட் என்றுதான் நிற்கும். நீங்களும் அப்படியே கீறுங்கள், நாலு-நாலு-இரண்டு என்று மாற்றிக் கேட்டால் குழம்புவார்கள். ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் வந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஒருவர் அரையிறுதியிலும் மற்றவர் இறுதியிலும் ஆடியிருக்கலாம், அல்லது ஒருவர் மாற்று வீரராக இறங்கியிருக்கலாம். ஏழு பேர், ஒன்பது பேர் சுற்றுப்போட்டிகள் வன்னியில் நிறைய நடந்ததால் அணிக்கு எத்தனை பேர் என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பதினொரு கோடு கீறிவிட்டால், ஏழு பேர் ஆடிய போட்டிக்கும் மிச்சம் நாலு பேரை ஆட்கள் மனதாரக் கண்டுபிடித்துத் தருவார்கள்.

முதலில் தனித்தனியாகக் கேளுங்கள், பிறகுதான் கூட்டமாக. கூட்டத்தில் தொடங்கினால் சத்தமாகக் கதைக்கிறவர் சொல்வதே வரலாறாகிவிடும். ஆடியவர்களை விட எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் பல விசயத்தில் திறம். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர், தேநீர்க் கடை போட்டவர், வேலியோரம் நின்று பார்த்த அக்காமார். இவர்களுக்குத் தங்கள் பெயரை அணியில் சேர்க்க வேண்டிய தேவை இல்லை. எல்லோரையும் விடப் பெரிய சாட்சி தோற்ற ஊர்தான். வென்றவன் வெற்றியைப் பெருக்கிச் சொல்வான். தோற்றவனுக்கு எந்த நிமிடத்தில், யாருடைய பிழையால், எந்தக் கம்பத்தில் கோல் விழுந்தது என்பது அச்சொட்டாக இருக்கும். இரண்டு ஊரும் ஒத்துச்சொன்ன முடிவை உறுதியான எழுத்தில் போடுங்கள். ஒரு ஊர் மட்டும் சொன்னதை “எங்கள் கழகத்தினர் சொல்வது” என்று குறித்துவிடுங்கள்.

ஆண்டுதான் மிகக் கடினம். “எண்பத்தாறோ எண்பத்தேழோ” என்றுதான் பதில் வரும். இடப்பெயர்வுகளை வைத்துக் கேட்டால் தெளியும். இந்தியன் ஆமி வர முன்னமா, பின்னமா என்றால் 1987 இன் இரண்டு பக்கமும் பிரியும். யாழ்ப்பாணத்தில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த ஆட்கள் வந்து அணியில் சேர்ந்த பிறகா என்றால் 1995 கடைசிக்குப் பின். கிளிநொச்சி ஊர்களுக்கு 1996 இடப்பெயர்வு பெரிய வெட்டு. அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கம் இருந்த காலத்தில் கழகம் அதே பெயரில் வேறு ஊர் மைதானத்தில் ஆடியிருக்கலாம், இரண்டு கழகங்கள் சேர்ந்து ஒரு அணி இறக்கியிருக்கலாம். மைதானத்தின் பெயரை வைத்து மட்டும் கழகத்தைத் தீர்மானிப்பது இதனால்தான் பிழைக்கும். பிறகு 2002 பெப்ரவரி போர்நிறுத்த ஒப்பந்தம், 2004 சுனாமி, 2006 ஓகஸ்டில் ஏ9 வீதியைப் பூட்டியது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் சுனாமிக்கு முன், பின் என்ற கேள்வி ஒன்றே பாதி வேலையை முடிக்கும்.

பருவமும் உதவும். மாரி தொடங்கி மார்கழி வரை வயல் ஊர் மைதானங்களில் தண்ணீர் நிற்கும். கார்த்திகையில் இறுதிப்போட்டி என்று ஒருவர் சொன்னால், மணல் தரையான கரையோர மைதானமா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாதம் பிழை. காலபோக நெல் அறுவடை நேரத்தில் வயல் ஊர் அணிக்கு ஆள் சேராது. அந்த நாட்களில் நடந்த போட்டியில் இரவல் ஆட்கள் இருந்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தே கேட்க வேண்டும்.

இன்னொரு வழி ஆட்டச் சட்டம். பலர் இதைக் கவனிப்பதில்லை. சமநிலையில் முடிந்து சமநிலை தவிர்ப்பு உதையில் (பெனால்டி) வென்றோம் என்றால் அது பெரும்பாலும் 1970 இற்குப் பிந்தியது, அந்த ஆண்டில்தான் அது சட்டத்தில் வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் நாணயச் சுழற்சி, மீள்போட்டி அல்லது இணைச் சம்பியன்தான். மஞ்சள், சிவப்பு அட்டையும் 1970 உலகக் கிண்ணத்தோடு வந்தவைதான். தன் பக் காலால் தந்த பந்தைக் கோலி கையால் எடுத்து நேரம் கடத்தினார் என்ற கதை வந்தால் அது பெரும்பாலும் 1992 இற்கு முன், ஏனென்றால் அந்த ஆண்டில்தான் அதைத் தடுத்தார்கள். மேலதிக நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்தது என்றால் அது தங்கக் கோல், 1993 இற்கும் 2004 இற்கும் இடைப்பட்ட வழக்கம். வெற்றிக்கு மூன்று புள்ளி உலகக் கிண்ணத்துக்கு வந்தது 1994 இல். இந்தச் சட்டங்கள் ஊர் மைதானத்துக்கு வந்துசேர ஓரிரு வருடம் பிந்தியிருக்கும். ஏழு பேர் போட்டிகளில் பெரும்பாலும் ஓப்சைட்டே இல்லை, ஏற்பாட்டுக் குழுவின் சொந்தச் சட்டம்தான். ஆகவே புதுச் சட்டம் இருந்தது என்ற செய்திக்குப் பெறுமதி உண்டு. இல்லை என்ற செய்தியை அவ்வளவு நம்ப வேண்டாம்.

படம் கிடைத்தால் உடுப்பைப் பாருங்கள். சந்தையில் வாங்கிய பிரேசில் மஞ்சள் ஜேர்சியில் ஐந்து நட்சத்திரம் இருந்தால் அந்தப் படம் 2002 ஜூன் 30 இற்குப் பிந்தியது. நாலு இருந்தால் 1994 இற்குப் பின், எவ்வளவு பின் என்று சொல்ல முடியாது, பழைய ஜேர்சியைப் பத்து வருடம் போடுவார்கள். மன்செஸ்ரர் யுனைரெட் ஜேர்சியின் நெஞ்சில் ஷார்ப் என்ற பெயர் இருந்தால் அது 1982 இலிருந்து 2000 வரை வந்த ஜேர்சி, வொடபோன் என்றால் 2000 இலிருந்து 2006, ஏஐஜி என்றால் 2006 இலிருந்து 2010. உச்சிக்கு முன்னால் மட்டும் அரைவட்டமாக மயிர் விட்டு மிச்சத்தை வழித்த பையன் நின்றால் அது ரொனால்டோ வெட்டு, 2002 உலகக் கிண்ணத்துக்கு முந்தியதல்ல. உடுப்பும் தலையும் “இதற்கு முன் இல்லை” என்றுதான் சொல்லும், “இதற்குப் பின் இல்லை” என்று ஒருபோதும் சொல்லாது.

ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டிகளில் கணக்கு இலகு. இன்னாரின் ஐந்தாம் ஆண்டு நினைவுக் கிண்ணம் என்றால் இறந்த ஆண்டைக் கண்டுபிடித்து ஐந்தைக் கூட்டினால் சரி. ஆனால் “ஐந்தாவது தடவையாக” நடந்த போட்டி வேறு, “ஐந்தாம் ஆண்டு நினைவு” வேறு. இடம்பெயர்ந்த வருடங்களில் போட்டி நடக்கவில்லை, தடவை எண்ணிக்கை அதோடு பின்தங்கும். வென்றவர் கைக்கு மாறிமாறிப் போகும் சுழற்கேடயத்தை வைத்திருக்கும் கழகத்தைத் தேடிப் போங்கள். அதில் பொருத்திய சின்னத் தகடுகளில் ஆண்டுவாரியாக வென்றவர் பெயர் இருக்கும். எங்கட கிண்ணம் தொலைந்தாலும் எங்கட பெயர் அவர்களிடம் இருக்கலாம்.

படங்கள் எங்கே கிடைக்கும்? கழகத்தில் அல்ல. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளிநாடு போனவர்களின் வீட்டு அல்பங்களில், அதிலும் கலியாண அல்பத்தின் கடைசிப் பக்கங்களில். அடுத்தது ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் வெளியிடும் நினைவு மலர்கள். பழைய ஆட்டக்காரரின் நினைவு மலரில் அணிப் படம் ஒன்றாவது இருக்கும், விளையாட்டுச் சாதனையும் எழுதியிருப்பார்கள். ஈழத்து வெளியீடுகளைச் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் இந்த மலர்களும் பழைய பத்திரிகைகளும் ஏராளமாக எண்ணிமப்படுத்தப்பட்டிருக்கின்றன. ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், கழகத்தின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் ஏமாறுவீர்கள். சென். மேரிஸ், சென். அன்ரனிஸ் கரையோரத்தில் பல ஊர்களில் உண்டு, உதயசூரியன்களும் அப்படித்தான். பத்திரிகையில் “மோதவுள்ளன” என்று வந்த செய்தியைப் போட்டி நடந்ததற்கு ஆதாரமாக எடுக்க வேண்டாம். அடுத்தடுத்த நாட்களில் முடிவு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாடசாலையின் அன்றாட நிகழ்வுகளைக் குறிக்கும் சம்பவத்திரட்டுப் புத்தகம் தப்பியிருந்தால் அதிபரின் அனுமதியோடு பாருங்கள். மைதானத்தைக் கழகத்துக்குக் கொடுத்த குறிப்புகள் அதில் வரும்.

மண்ணுக்குள் புதைத்து எடுத்த பெட்டிகளில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருக்கும். காய்ந்த நிலையில் பிரித்தால் முகங்கள் மற்றப் படத்தின் முதுகோடு போய்விடும். முதலில் இருக்கிற நிலையிலேயே ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு ஸ்ரூடியோவில் கழுவிய படங்களாக இருந்தால் மட்டும், சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் கால் மணி தொடக்கம் அரை மணி நேரம் ஊறவிட்டு, மூலையிலிருந்து மெதுவாகப் பிரியுங்கள். இழுக்க வேண்டாம், விடாவிட்டால் திரும்பவும் ஊறட்டும். முகப்பு வழுவழுப்பாகக் கரையத் தொடங்கினால் கையை எடுத்துவிடுங்கள். இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்த படம் என்றால் தண்ணீரே கூடாது, மை ஓடிவிடும். முகம் மேலே பார்க்க வெள்ளைத் துணியில் நிழலில் காயவிடுங்கள். பத்திரிகைத் தாளில் வைத்தால் எழுத்து படத்தில் ஏறும். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிய படத்தைக் கழற்றவே வேண்டாம், கண்ணாடிக்கு மேலாலேயே ஸ்கான் செய்யலாம்.

ஸ்கான் 600 டிபிஐ போதும். நாலுக்கு ஆறு அங்குலப் படம் 2400 இற்கு 3600 புள்ளியாக வரும், மலரில் முழுப் பக்கத்துக்கும் தாங்கும். போனில் எடுப்பதென்றால் பிளாஷை நிறுத்தி, விறாந்தை நிழலில், போனைப் படத்துக்கு நேர் சமாந்தரமாகப் பிடித்து எடுங்கள். வெளிநாட்டிலிருந்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களிடம் படமாக அனுப்ப வேண்டாம், டொக்கியுமென்ற் ஆக அனுப்புங்கள் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வந்துசேரும்போது பின்வரிசையில் நிற்பவர்களுக்கு முகம் இருக்காது. படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கான் செய்யுங்கள், ஸ்ரூடியோ முத்திரையும் திகதியும் அங்கேதான். பெயர் எழுத மென்மையான பென்சில்தான். போல்பொயின்ற் பேனை முன்பக்கம் வரை தடம் பதிக்கும்.

கிண்ணம் தப்பியிருந்தால் அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க ஒருவர் கட்டாயம் ஆயத்தமாக நிற்பார். தடுத்து நிறுத்துங்கள். பித்தளைக் குடத்துக்குச் சரி, வெள்ளிமுலாம் பூசிய கிண்ணத்தில் முலாமும் எழுத்தும் சேர்ந்தே போகும். மென்மையான சவர்க்காரத் தண்ணீர், பழைய பல்துலக்கி, காய்ந்த துணி, அவ்வளவும் போதும். வெட்டிய எழுத்து தேய்ந்திருந்தால் இருட்டில் ரோச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும், அல்லது மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசுங்கள். 2010 இற்குப் பிறகு வாங்கிய பிளாஸ்ரிக் கிண்ணங்களில் ஒட்டுத்தாள் விழுந்துவிடும். இன்றைக்கே அடியில் அழியாத பேனையால் ஆண்டையும் போட்டியையும் எழுதி வையுங்கள்.

பெயர்ப் பட்டியலில் கவனம் கூட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இறந்தவர் பெயருக்கு முன் “அமரர்” போடுவது வழக்கம். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு அதைப் போடவே கூடாது. வீட்டில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்திடமும் போய் எப்படிப் போடுவது என்று கேட்டு, அவர்கள் சொன்னபடி அச்சிடுங்கள். முடிவெடுக்க முடியாவிட்டால் ஒருவருக்குமே அடைமொழி இல்லாமல் எல்லோரையும் வெறும் பெயரோடு போடலாம், அது அழகாகவும் இருக்கும். எப்படி இறந்தார் என்பது அணி விபரத்துக்குத் தேவையில்லை. எந்த ஆண்டு, எந்த இடத்தில் ஆடினார் என்பது போதும்.

தோல்விகளை விட வேண்டாம். இறுதிப்போட்டி வரை வந்து தோற்ற வருடங்களும், மத்தியஸ்தரோடு பிரச்சினைப்பட்டு இடையில் நின்ற ஆட்டமும் இல்லாத மலரை அயலூர்க்காரன் நம்பமாட்டான், நாளைக்கு எங்கட பிள்ளைகளும் நம்பமாட்டார்கள்.

கோப்புகளை ஒரே வீட்டில் வைக்கக் கூடாது என்பதை வன்னிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் ஒரு ஹார்ட் டிஸ்க், வெளிநாட்டில் ஒன்று, நூலகத்துக்கு ஒரு பிரதி. பென் டிரைவை நம்ப வேண்டாம். படத்தில் பெயர் தெரியாதவருக்குக் கேள்விக்குறி போட்டே அச்சிடுங்கள், ஊகத்தில் ஒரு பெயரைப் போட்டால் அது அப்படியே நிலைத்துவிடும். கடைசிப் பக்கத்தில் கழகத்தின் தொலைபேசி இலக்கத்தைப் போட்டு, வருகிற திருத்தங்களை எழுத ஒரு கொப்பியைச் செயலாளர் கையில் கொடுத்துவிடுங்கள். மலர் வெளிவந்த முதல் கிழமையிலேயே அழைப்புகள் வரும், அதில் பாதி “ஏன் என்ரை பெயர் இல்லை” என்பதாகத்தான் இருக்கும். எந்தப் போட்டி, எந்த இடம் என்று கேட்டு எழுதுங்கள்.